புகையில் வேகும் இறைச்சிக்கு எந்த ரப்? உப்பிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

என் மாமனார் முதல் முறை டெக்சஸ் வந்திருந்தபோது, ஒரு சனிக்கிழமை விடிகாலை 4 மணிக்குக் கொல்லைப்புறத்தில் ஸ்மோக்கரை, அதாவது கறியைப் புகையில் வேகவைக்கும் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். தூக்கம் கலைந்து வந்து நின்றார். மேசைமேல் நாலரைக் கிலோ மாட்டு நெஞ்சுக்கறி (இங்கே பிரிஸ்கெட் என்பார்கள்), பக்கத்தில் இரண்டே கிண்ணங்கள்.

“என்ன மாப்பிள்ளை, வெறும் உப்பும் மிளகும்தானா? மசாலா எங்கே?”

“இதுதான் மாமா மசாலா.”

பீஃப் பிரட்டலுக்குப் பத்துப் பன்னிரண்டு சாமான் வறுத்து அரைக்கிற நாகர்கோவில்காரர் அவர். நான் கஞ்சத்தனம் பண்ணுகிறேன் என்றே நினைத்திருப்பார். குற்றம் சொல்ல முடியாது. இந்த ஊருக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்து, வீட்டுக் கறிமசாலாவை அள்ளிப் பூசி, பத்து மணி நேரம் கழித்துக் கரிக்கட்டை மாதிரிக் கசக்கிற ஒன்றை வெளியே எடுத்தேன்.

நம் சமையலில் மசாலா எண்ணெயில் வதங்கும், தண்ணீரில் கொதிக்கும், குழம்பாகக் கறியைச் சுற்றி நிற்கும். ஸ்மோக்கரில் எண்ணெயும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. தூவிய பொடி கறியின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்காகச் சூடான காற்றிலும் புகையிலும் காய்கிறது. அந்தப் புகையே பெரிய மசாலா. ரப் என்று இங்கே சொல்லும் உலர்பொடி அதற்குத் துணைதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் நூறு டப்பாக்களுக்கு முன்னால் நின்று முழிக்க வேண்டியதில்லை.

படி 1: எத்தனை மணி நேரம் வேகும் என்று பாருங்கள்

எந்த ருசி வேண்டும் என்று யோசிப்பதற்கு முன்னால், கறி எவ்வளவு நேரம் அடுப்பில் இருக்கப்போகிறது, என்ன சூட்டில் இருக்கப்போகிறது என்று கேளுங்கள். ரப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

ஸ்மோக்கரின் வழக்கமான சூடு 225 முதல் 275 டிகிரி பாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 107 முதல் 135 டிகிரி செல்சியஸ். முழு பிரிஸ்கெட்டுக்கு 10 முதல் 14 மணி நேரம் ஆகும். பன்றித் தோள்கறிக்கு 8 முதல் 12. பன்றி விலா எலும்புக்கு 5 அல்லது 6. கோழி சற்றே கூடுதல் சூட்டில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

12 மணி நேரம் தாக்குப்பிடிக்கும் சாமான்கள் ரொம்பக் கொஞ்சம். உப்பு நிற்கும், கொரகொரப்பாக உடைத்த மிளகு நிற்கும். பூண்டுத்தூள் ஓரளவு நிற்கும். பாப்ரிகா என்ற காரமில்லாத மிளகாய்ப்பொடி சிவப்பில் தொடங்கிச் செங்கல் நிறமாகி, கடைசியில் ஏறக்குறையக் கறுத்துவிடும். காய்ந்த துளசி, பார்ஸ்லி மாதிரி மென்மையான இலைகள் எல்லாம் எங்கே போயின என்றே தெரியாது. அவற்றைக் கோழிக்கும் மீனுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை மணி நேரமும் எதற்கு என்றால், அந்த மேலோட்டுக்காக. இங்கே அதைப் ‘பார்க்’ என்பார்கள், மரப்பட்டை என்ற பொருளில். நம் காதில் பட்டை என்றால் பிரியாணிப் பட்டைதான் விழும் என்பதால் நான் வீட்டில் ‘முறுகல்’ என்கிறேன். கறியின் ஈரத்தில் உப்பு கரைந்து புரதத்தோடு சேர்ந்து ஒரு பசைபோல மேலே படியும். அதில் பொடியும் உருகிய கொழுப்பும் புகையும் ஒட்டும். மேற்பரப்பு காயக் காயக் கறுத்து இறுகும். உப்புக்கண்டம் வெயிலில் காயும்போது மேலே ஒரு தோல் கட்டுமே, ஏறக்குறைய அதே சங்கதி.

படி 2: உப்பைத் தனியாக எடைபோடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள். உப்பை ரப்போடு கலக்காமல் தனியாக வையுங்கள்.

மற்ற மசாலாக்கள் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். அதிகம் போனால் சில மில்லிமீட்டர் இறங்கும். மெல்ல மெல்ல உள்ளே போவது உப்பு மட்டும்தான். அதனால் உப்பின் அளவு கறியின் எடையைப் பொறுத்தது, மசாலாவின் அளவோ மேற்பரப்பின் பரப்பைப் பொறுத்தது. தடித்த பிரிஸ்கெட்டுக்கு எடை அதிகம், அந்த எடைக்கு மேற்பரப்பு குறைவு. தட்டையான விலா எலும்புக்கு எடை குறைவு, மேற்பரப்பு அதிகம். இரண்டுக்கும் ஒரே உப்புக்கலந்த டப்பாவைத் தூவினால் ஒன்று சப்பென்று இருக்கும், இல்லையென்றால் மற்றொன்று உப்புக்கரிக்கும்.

என் கணக்கு இது. எலும்பில்லாத கறிக்கு எடையில் 1 முதல் 1.2 சதவீதம் உப்பு. எலும்போடு இருந்தால் 0.8 சதவீதம். சுத்தம்செய்த பிரிஸ்கெட் நாலரைக் கிலோ என்றால் 45 முதல் 54 கிராம். 25 டாலருக்குள் சின்ன டிஜிட்டல் தராசு கிடைக்கும். கரண்டி அளவை நம்பாதீர்கள், காரணம் அடுத்த பத்தியில்.

அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் கோஷர் உப்பு என்று வரும். அது பெரிய செதில்களாக இருக்கும் உப்பு, கையில் எடுத்துத் தூவ வசதி. ஆனால் கோஷர் உப்பு எல்லாம் ஒன்றல்ல. மார்ட்டன் என்ற பிராண்டின் கோஷர் உப்பு ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 15 கிராம். அதே கரண்டியில் டைமண்ட் கிரிஸ்டல் என்ற பிராண்ட் 9 கிராம்தான், அந்தச் செதில்கள் உள்ளே பொள்ளலாக இருக்கும். தூள் உப்பு 18 கிராம் வரை போகும். ‘கால் கப் உப்பு’ என்று எழுதியவர் எந்தப் பெட்டியை வைத்து எழுதினாரோ! ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் உப்பு இரட்டிப்பாகிவிடும். எடையில் போட்டால் இந்தத் தலைவலியே இல்லை. நம் கல்லுப்பைக் கொஞ்சம் உடைத்துப் போட்டாலும் கணக்கு மாறாது.

உப்பை முந்தின இரவே தூவி, குளிர்பதனப் பெட்டியில் மூடாமல் வைத்துவிடுங்கள். கோழிக்கு இது ரொம்ப முக்கியம், தோல் காய்ந்தால்தான் பிறகு மொறுமொறுப்பாகும். மசாலா பகுதியைக் காலையில் அடுப்பில் வைக்கும் முன் தூவினால் போதும், ஊறவைப்பதால் அதற்குப் பெரிய லாபம் இல்லை.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. இங்கே சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் பன்றி, கோழி இரண்டிலும் பாதிக்குப் பாதி ஏற்கெனவே உப்புக்கரைசல் ஏற்றப்பட்டிருக்கும் என்றே எனக்குத் தோன்றும். லேபிளின் அடியில் பொடி எழுத்தில் ‘12 சதவீதம் வரை கரைசல் சேர்க்கப்பட்டது’ என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் உப்பைப் பாதியாகக் குறையுங்கள், அல்லது அடியோடு விட்டுவிடுங்கள். ஒரு முறை இதைப் பார்க்காமல் செய்த விலா எலும்பை, மறுநாள் பருப்பில் போட்டு உப்பில்லாக் குழம்பாக்கித்தான் தீர்த்தோம்.

படி 3: மிளகின் நொறுக்கு

நடு டெக்சஸில் பார்பிக்யூ என்பது கசாப்புக் கடையில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டில் வந்த ஜெர்மானிய, செக் குடியேறிகள் லாக்ஹார்ட், டெய்லர் போன்ற ஊர்களில் கறிக்கடை வைத்தார்கள். விற்காமல் மிஞ்சிய துண்டுகளுக்கு உப்பும் மிளகும் போட்டுப் புகையில் வாட்டி, கசாப்புத்தாளில் சுற்றி விற்றார்கள். லாக்ஹார்ட்டின் கிராய்ட்ஸ் மார்க்கெட் 1900இல் தொடங்கியது. 1999இல் டெக்சஸ் சட்டமன்றம் அந்த ஊரையே மாநிலத்தின் பார்பிக்யூ தலைநகர் என்று தீர்மானம் போட்டது. ஆஸ்டினில் 2009இல் ஒரு டிரெய்லரில் தொடங்கிய ஃபிராங்க்ளின் பார்பிக்யூ முன்னால் ஜனங்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்களே, அங்கும் பிரிஸ்கெட்டுக்கு அடிப்படை உப்பும் மிளகும்தான்.

ஆனால் அந்த மிளகு நம் மிளகுத்தூள் அல்ல. 16 மெஷ் என்று விற்பார்கள். ஓர் அங்குலத்துக்கு 16 கண்கள் உள்ள சல்லடையின் அளவு, ஒவ்வொரு கண்ணும் ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றுப் பெரியது. ரவையைவிடக் கொஞ்சம் தடித்த நொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவு நொறுக்கு கறியின் மேல் மேடும் பள்ளமுமாக நிற்கும், அந்தப் பள்ளங்களில் கொழுப்பு தேங்கும், புகை படியும். மாவாக அரைத்த மிளகு ஈரத்தில் குழைந்து சேறுபோல ஒட்டிக்கொள்ளும். காரம்தான் மிஞ்சும், முறுகல் வராது.

16 மெஷ் கிடைக்கவில்லையா? முழு மிளகை மிக்சியில் இரண்டு மூன்று முறை விட்டு விட்டு ஓட்டி, சல்லடையில் சலியுங்கள். மேலே நிற்பது கறிக்கு, கீழே விழும் தூள் ரசத்துக்கு. என் வீட்டில் இப்போது சின்ன இரும்பு உரலில் இடிக்கிற வேலை மாமாவுடையது. அவர் வந்தால் பிரிஸ்கெட் இன்னும் நன்றாக வருகிறது என்று மனைவி சொல்கிறாள், நான் மறுப்பதில்லை.

கடைகளில் ‘டெல்லிச்சேரி’ என்று கூடுதல் விலைக்கு விற்கும் மிளகைப் பார்த்திருப்பீர்கள். வேறெதுவும் இல்லை, கேரளத்துத் தலச்சேரியின் பழைய வெள்ளைக்காரப் பெயர். இன்று அது ஊரைவிட மணியின் பருமனைக் குறிக்கும் தரப்பெயர், பெரிய மணிகளுக்கு மட்டும் அந்தப் பெயர் கிடைக்கும். ஸ்டேக்குக்கு வாங்குங்கள், வித்தியாசம் தெரியும். 12 மணி நேரப் புகையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

உப்புக்கும் மிளகுக்கும் விகிதம் என்ன? கரண்டிக் கணக்கில் மார்ட்டன் கோஷரும் நொறுக்கு மிளகும் சமம். உடைத்த மிளகு எடையில்லாதது என்பதால், தராசில் இது 2 பங்கு உப்புக்கு 1 பங்கு மிளகு. நாலரைக் கிலோ கறிக்கு 50 கிராம் உப்பு, 25 கிராம் மிளகு. மிளகு தூக்கலாக வேண்டுமென்றால் 35 வரை போகலாம்.

படி 4: இனிப்பு வேண்டுமா

மாட்டுக்கு வேண்டாம். பன்றிக்கு வேண்டும். கோழிக்குச் சூட்டைப் பொறுத்து.

சர்க்கரை 160 டிகிரி செல்சியஸ் வாக்கில் நிறம் மாறத் தொடங்கி, 180ஐத் தாண்டினால் கசப்புக்குப் போகும். ஸ்மோக்கரின் சூடு அதற்குக் கீழேதான், அதனால் பன்றித் தோள்கறியில் பழுப்புச் சர்க்கரை தாராளமாகப் போடலாம். அழகான செம்பழுப்பு நிறம் வரும். அதே ரப்பைத் தூவிய கறியை நேரே கரி நெருப்பின் மேல் கிரில்லில் வைத்தால் சில நிமிஷங்களில் கறுத்துவிடும். ‘பார்பிக்யூ ரப்’ என்று ஒரே பெயரில் விற்பதால் பலர் இதில் ஏமாறுகிறார்கள்.

பழுப்புச் சர்க்கரையில் ஈரம் உண்டு, டப்பாவில் கட்டிதட்டும். தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் காயவிட்டுக் கலந்தால் சரியாகும். நாட்டுச்சர்க்கரை போட்டுப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே இருக்கிறது. அச்சுவெல்லத்தைத் துருவிப் போடுவது வேலைக்காகாது, ஒட்டி ஒட்டி வரும்.

படி 5: சிவப்புப் பொடிகளில் கவனம்

இந்த ஊருக்கு வந்த இரண்டாம் மாதம், புத்தகத்தைப் பார்த்து விலா எலும்பு செய்தேன். ‘சில்லி பவுடர், கால் கப்’ என்று இருந்தது. எங்களிடம் இல்லாத மிளகாய்த்தூளா? இந்தியக் கடையில் வாங்கிய குண்டூர் மிளகாய்த்தூளைக் கால் கப் அளந்து போட்டேன். அன்று விருந்துக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் முதல் கடியிலேயே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். பிள்ளைகளுக்கு மோர் ஊற்றி ஊற்றிக் கொடுத்தோம்.

அமெரிக்கச் சில்லி பவுடர் மிளகாய்த்தூளே அல்ல, அது ஒரு கலவை. மெக்சிகோ வகை மிளகாயோடு சீரகம், ஓரிகானோ, பூண்டு சேர்த்தது. 1890களில் டெக்சஸின் நியூ பிரவுன்ஃபெல்ஸில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் இதைப் பொடியாக்கி விற்கத் தொடங்கினார். சில்லி கான் கார்னே என்ற கறிக்குழம்புக்கான பொடி அது, காரம் மிதம். நம் சாம்பார்ப் பொடியைப் பார்த்து ஒருவர் மிளகாய்த்தூள் என்று நினைத்தால் எப்படியோ, அப்படித்தான் நான் செய்தது, தலைகீழாக.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாப்ரிகா நிறத்துக்கும் இலேசான இனிப்புக்கும். காரம் கிடையாது. அதற்குப் பதில் காஷ்மீரி மிளகாய்த்தூள் போடலாம், நிறம் அருமை, காரம் கொஞ்சம் கூடும் என்பதால் முக்கால் பங்கு போடுங்கள். கெயன் என்பது நிஜமான காரப்பொடி, நம் மிளகாய்த்தூளை அதே அளவுக்குப் போடலாம். புகையூட்டிய பாப்ரிகா ஸ்பெயினின் லா வேரா பகுதியில் கருவாலி (ஓக்) மரப் புகையில் மிளகாயை உலர்த்திச் செய்வது. ஓவனில் சமைப்பவர்களுக்கு வரப்பிரசாதம். நிஜப் புகை இருக்கும்போது எதற்கு?

படி 6: மீதி சாமான்கள்

பூண்டுத்தூளும் வெங்காயத்தூளும் எதனோடும் சேரும். மாவுபோன்றதைவிடக் குறுணையாக உள்ளதை வாங்குங்கள், கட்டிதட்டாது, மெதுவாகவே கருகும். பச்சைப் பூண்டு விழுது வேண்டாம். ஈரம் முறுகலைக் கெடுக்கும்.

கடுகுத்தூள் பன்றிக்கு நல்ல துணை. சீரகம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒரு சிட்டிகை. கொத்தமல்லி விதையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், கீழே வருகிறது.

கரம் மசாலா போடலாமா என்று கேட்காத தமிழரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒரு துளி போடலாம், ஆனால் கிராம்பைத் தவிர்த்துவிடுங்கள். கிராம்பின் வாசனைக்குக் காரணம் யூஜினால் என்ற பொருள். மரம் எரியும் புகையிலும் இதே யூஜினாலும், குவாயகால் முதலான அதன் உறவுக்கார வாசனைப் பொருள்களும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கறி பல்வலித் தைலம் மாதிரி மணக்கும். நான் முதலில் சொன்ன அந்தக் கசப்புக் கரிக்கட்டையில் நாவில் நின்றது இந்த வாசனைதான். ஏலக்காயும் அளவு மீறினால் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். சோம்பு பரவாயில்லை, பன்றிக்கு உண்மையாகவே பொருந்துகிறது.

மஞ்சள்தூள் கெடுதல் ஒன்றும் செய்யாது. ஆனால் 12 மணி நேரம் கழித்து அது இருந்ததற்கான அடையாளமும் இருக்காது.

படி 7: கறிக்கு ஏற்ற கலவைகள்

கீழே உள்ள அளவுகளில் உப்பைச் சேர்க்கவில்லை. அதை இரண்டாம் படியின்படி தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரிஸ்கெட், மாட்டு விலா: நொறுக்கு மிளகு மட்டும். விருப்பமென்றால் மிளகில் நாலில் ஒரு பங்கு குறுணைப் பூண்டு. மரம் கருவாலி, இங்கே போஸ்ட் ஓக் என்பார்கள். உள்ளே 200 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டி, கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் வெந்தது.

பன்றி விலா: பாப்ரிகா 4 கரண்டி, பழுப்புச் சர்க்கரை 4, நொறுக்கு மிளகு 1, பூண்டுத்தூள் 1, வெங்காயத்தூள் 1, கடுகுத்தூள் அரை, கெயன் அரை. டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரத்தின் சாயல் இது, சர்க்கரையை மட்டும் நான் தாராளமாக்கியிருக்கிறேன். மெம்ஃபிஸில் சாஸ் இல்லாமல் பொடியோடு பரிமாறும் விலா எலும்பைப் புகழ்பெறச் செய்தது ரெண்டவூ என்ற உணவகம், கிரேக்க வம்சாவளியைச் சேர்ந்த சார்லி வெர்கோஸ் 1948இல் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், அங்கே கறி மெதுவாகப் புகையில் வேகுவதில்லை. கரி நெருப்பில் வாட்டி, வினிகர் நீர் தெளித்து, கடைசியில்தான் பொடி தூவுகிறார்கள். அதனால்தான் அந்தப் பொடி சிவப்பு மாறாமல், ஓரிகானோ வாசனை போகாமல் இருக்கிறது. ‘மெம்ஃபிஸ் ரப்’ என்று வாங்கிவந்து ஆறு மணி நேரம் புகையில் போட்டுவிட்டு அந்த ருசி வரவில்லையே என்று ஏங்குபவர்களுக்கு இதுவே பதில். கொஞ்சம் பொடியைத் தனியாக எடுத்துவைத்து, வெட்டும் முன் தூவுங்கள்.

பன்றித் தோள்: மேலே சொன்னதே, சர்க்கரையை இன்னும் ஒரு கரண்டி கூட்டலாம். கேன்சஸ் சிட்டியில் இனிப்பு தூக்கல், தக்காளிச் சாஸ் வேறு. ஆனால் 1900களின் தொடக்கத்தில் அங்கே இந்தத் தொழிலுக்கு அடித்தளம் போட்ட ஹென்றி பெர்ரியின் சாஸ் காரசாரமாக, மிளகு தூக்கலாக இருந்ததாகச் சொல்வார்கள். இனிப்பு பின்னால் வந்தது. கரோலினா பக்கம் போனால் பொடியைவிட வினிகர்தான் பேசும். நீங்கள் கடைசியில் வினிகர்ச் சாஸ் ஊற்றப்போகிறீர்கள் என்றால் ரப்பைச் சிக்கனமாக வையுங்கள்.

கோழி: பாப்ரிகா 2, பூண்டுத்தூள் 1, மிளகு 1, காய்ந்த தைம் இலை அரை. எலுமிச்சைத் தோல் துருவல் கொஞ்சம். சர்க்கரை இல்லை, ஏனென்றால் கோழியை 300 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேலேயே வையுங்கள், குறைந்த சூட்டில் தோல் ரப்பராகிவிடும். உள்ளே 165 டிகிரி பாரன்ஹீட் கட்டாயம்.

ஆடு: இங்கே நம் ஆட்கள் அடிக்கடி கேட்பது இதைத்தான். டெக்சஸின் பிரேடியில் வருடாவருடம் ஆட்டுக்கறி பார்பிக்யூ போட்டியே நடக்கிறது. கென்டக்கியின் ஓவன்ஸ்பரோவில் செம்மறிக்கறிதான் ஊரின் பெருமை. ஆட்டுத்தொடையில் கொழுப்பு குறைவு, காய்ந்துபோகும். அதனால் எண்ணெய் தடவி, சீரகம், மல்லி, மிளகு, பூண்டு நாலையும் சமமாகத் தூவி, நிறம் வந்ததும் தாளில் சுற்றிவிடுங்கள். நம் நாக்குக்குச் சட்டென்று ஒத்துப்போகும் கலவை இது ஒன்றுதான்.

பாஸ்ட்ராமி: கொத்தமல்லியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. ருமேனிய யூதர்கள் நியூயார்க்குக்குக் கொண்டுவந்த முறை இது. உப்புநீரில் நாள்கணக்கில் பதப்படுத்திய மாட்டுக்கறியின்மேல், உடைத்த மல்லியும் உடைத்த மிளகும் சமமாக அப்பிப் புகையில் வைப்பது. மல்லியும் மிளகும்! வேறு யாரும் சொல்லித்தர வேண்டாம் நமக்கு. மல்லியை இலேசாக வெறும் சட்டியில் வறுத்து, ஒவ்வொரு விதையும் இரண்டாக நாலாகப் பிளக்கும் அளவுக்கு மட்டும் இடியுங்கள். மூடியைத் திறந்தால் வீட்டில் மிளகுக் கறி வறுத்த வாசம் வரும். இதில் உப்பு ஒரு சிட்டிகைகூட வேண்டாம், கறியில் ஏற்கெனவே அளவுக்கு மேல் இருக்கிறது. கடையில் வாங்கிய, ஏற்கெனவே உப்பில் பதப்படுத்திய கார்ன்ட் பீஃப் என்றால் ஒரு நாள் தண்ணீரில் போட்டு, நாலைந்து முறை தண்ணீர் மாற்றிய பிறகே தொடங்குங்கள்.

படி 8: டப்பா வாங்குவதானால்

வாங்குவதில் தப்பில்லை, நானும் இரண்டு வைத்திருக்கிறேன். லேபிளை இரண்டு இடத்தில் பாருங்கள்.

முதலாவது, சாமான் பட்டியல். அமெரிக்க விதிப்படி எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும். முதல் பெயர் உப்பு என்றால் நீங்கள் மசாலா விலையில் உப்பு வாங்குகிறீர்கள். முதல் பெயர் சர்க்கரை என்றால் பன்றிக்கு. பாப்ரிகாவோ மிளகோ முதலில் இருந்தால் யோசிக்கலாம். ‘புகைச் சுவை சேர்க்கப்பட்டது’ என்று இருந்தால் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, சோடியம். பரிமாறும் அளவு 1 கிராம், அதில் சோடியம் 300 மில்லிகிராம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பு. 750 மில்லிகிராம், அதாவது டப்பாவில் முக்கால்வாசி உப்பு. ஒரு நண்பர் பரிசாகக் கொடுத்த அழகான டப்பாவில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது சிரிப்பும் வந்தது, அவரிடம் சொல்லவும் மனமில்லை. அப்படிப்பட்ட டப்பாவைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால், அதையே உப்பாகக் கணக்கு வையுங்கள். கறிக்கு 40 கிராம் உப்பு வேண்டும், டப்பாவில் 75 சதவீதம் உப்பு என்றால், 53 கிராம் பொடி. அதற்கு மேல் ஒரு கிராமும் வேண்டாம்.

படி 9: கறியில் போடும் முன் ருசி பாருங்கள்

பொடியை விரலில் தொட்டு நக்கிப் பார்ப்பதால் பயனில்லை, உப்பும் காரமும் மட்டும்தான் தெரியும். வேகவைத்த உருளைக்கிழங்கில் வெண்ணெய் தடவி, அதன்மேல் தூவிச் சாப்பிட்டுப் பாருங்கள். கொழுப்போடு சேரும்போது எது தூக்குகிறது, எது அமுங்குகிறது என்று தெரியும்.

புதுக் கலவை என்றால் இன்னொன்றும் செய்வேன். அலுமினியத் தாளில் ஒரு கரண்டி பொடியைப் பரப்பி, ஓவனில் 250 டிகிரி பாரன்ஹீட்டில் மூன்று மணி நேரம் வைத்துவிட்டு எடுத்துச் சுவைப்பேன். கசந்தால் கறியிலும் கசக்கும். 80 டாலர் பிரிஸ்கெட்டை வைத்துப் பரீட்சை எழுதுவதைவிட இது மேல்.

படி 10: தூவும் விதம்

கறியை ஈரம் போகத் துடையுங்கள். பொடி ஒட்டுவதற்குப் பலர் மஞ்சள் கடுகுச் சாஸை மெல்லியதாகத் தடவுவார்கள். வெந்தபின் கடுகு ருசி தெரியாது. தண்ணீர் தொட்டுத் தடவினாலும் போதும்.

வேண்டிய பொடியைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு டப்பாவை மூடி ஒதுக்கிவிடுங்கள். பச்சைக்கறி தொட்ட கை டப்பாவுக்குள் போகக் கூடாது, கிண்ணத்தில் மிஞ்சியது குப்பைக்கு. ஒரு முழ உயரத்திலிருந்து, திருநீறு தூவுகிற மாதிரி அல்ல, மழைத்தூறல் மாதிரி பரவலாகத் தூவுங்கள். கலவை டப்பாவில் இருந்தால் அவ்வப்போது குலுக்குங்கள், பொடிசானது அடியில் இறங்கிவிடும். உப்பையும் மிளகையும் கலந்து வைப்பவர்கள் இரண்டையும் ஏறக்குறைய ஒரே பருமனில் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரப் என்று பெயர் இருந்தாலும் தேய்க்காதீர்கள். தேய்த்தால் கூழாகும். கையால் தட்டி ஒட்டவைத்தால் போதும். கறியின் சிவப்பு இன்னும் அங்கங்கே தெரிய வேண்டும், முழுக்க மூடினால் அதிகம். அரை மணி நேரம் விட்டால் பொடி ஈரத்தை இழுத்து மேற்பரப்பு பளபளக்கும். அப்போது அடுப்பில் வையுங்கள். முறுகல் இறுகும்வரை முதல் மூன்று நான்கு மணி நேரத்துக்குத் தண்ணீர் தெளிக்கவோ தாளில் சுற்றவோ வேண்டாம், பொடி கழன்று வந்துவிடும்.

மிச்சம் இருக்கும் பொடியைக் கண்ணாடிப் புட்டியில், அடுப்புக்குத் தள்ளி, இருட்டில் வையுங்கள். ஆறு மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. மூடியில் தேதி ஒட்டுங்கள்.

ஸ்மோக்கருக்குப் பக்கத்தில் ஒரு பழைய நோட்டும் வைத்திருக்கிறேன். கறியின் எடை, உப்பு எத்தனை கிராம், மிளகு எத்தனை, எப்போது வைத்தது, எப்போது எடுத்தது, மறுநாள் காலை குளிர்ந்த துண்டைத் தின்றபோது எப்படி இருந்தது என்று எழுதிவைப்பேன். சூடாக இருக்கும்போது எல்லாமே ருசிதான், குறை தெரிவது மறுநாள்தான். மாமா ஊருக்குத் திரும்பிய வாரம் நோட்டைப் புரட்டினால், அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தில் என் கணக்குக்குக் கீழே அவர் கையெழுத்து: ‘உப்பு சரி. மிளகு 10 கிராம் கூட்டு.’ இப்போது 35தான் போடுகிறேன்.